துறைமுகத்துச் சிறு பாய்கள்

சென்னை மாநகரின் வடபகுதியில், கடலுக்கு அண்மையில் அமைந்துள்ள தூய இராயப்பர் ஆலயத்தை நம் வாசகக் குடும்பங்கள் பல அறிந்திருக்கும். இராயப்பர் என்பது பேதுருவுக்கு நம் முன்னோர் அன்போடு வழங்கிய பெயர். இராயபுரம் என்னும் ஊர்ப்பெயரில் அத்திருத்தூதரே குடியிருக்கிறார். வலையையும் படகையும் விட்டு ஆண்டவரைப் பின்சென்றவரின் பெயரால் அக்கோவிலை எழுப்பியவர்கள், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்கரையில் வாழ்ந்த படகோட்டிகளே என்பது பொருத்தமன்றோ!

அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்று இல்லை. கப்பல்கள் கரைக்கு எட்டாத் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளுநரானாலும் மூட்டையானாலும் மசூலாப் படகேறித்தான் கரை காண வேண்டும். ஓர் ஆணியும் அடியாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை அறையும்போது விறைத்து நில்லாமல் நெகிழ்ந்து கொடுக்கும், ஆகையால் உடையாது. ஐரோப்பியக் கப்பல்களின் உறுதியான படகுகள் நொறுங்கிய அதே அலைவாயில் நம்மவரின் தையற்படகு நாள்தோறும் போய்வந்தது.

துறைமுகம் வந்ததும் அத்தொழில் போயிற்று. 1875-இல் அடிக்கல் நாட்டப்பெற்றுக் கடலுக்குள் நீண்ட கற்சுவர்களை, அவை முடியுந் தறுவாயில், 1881 நவம்பர்ப் புயல் பிய்த்தெறிந்தது. மீண்டும் கட்டினர். 1904 முதல் 1919 வரை துறைமுகத் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பார், கிழக்கு நோக்கியிருந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் திறந்தார். அதன்பிறகே உள்ளே நீர் அடங்கியது. பொறியாளராகிய அவருக்குப் பாய்மரப் படகிலும் பற்று மிகுதி போலும். 1911-இல் இராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்னும் பாய்மரப் படகுக் கழகத்தையும் அவரே தொடங்கினார். படகுகள் நிற்கும் துறைக்கு இன்றளவும் ஸ்பிரிங்ஹேவன் என்றே பெயர்.

அத்துறையில் சிறுவர் சிறுமியர் படகோட்டுவதைக் காணவேண்டும் என்று நம்முள் நெடுநாள் விருப்பம் இருந்தது. ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து, அனுமதிச் சீட்டும் கையுமாகப் புறப்பட்டோம். திருப்பலிக்கும் இவ்விளையாட்டுக்கும் பகையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனெனில் காற்று மதியம் திரும்பும்போதுதான் பந்தயத்துக்கு உயிர் வருகிறது. விடியலில் நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் கரைக்காற்று முற்பகலில் சோர்ந்து போகும். வெயில் ஏறி மண் சுட்டபின் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று புறப்பட்டு வரும். இடையில் காற்றில்லாத ஒரு மந்தப் பொழுது உண்டு. அப்பொழுதில் பிள்ளைகள் பொட்டலம் பிரித்து எலுமிச்சைச் சோறு உண்கிறார்கள்.

வாயிற்காவலரைக் கடந்து உள்ளே சென்றால், பளுதூக்கிகளும் சரக்குப் பெட்டிகளின் அடுக்குகளும் மலைபோல் எழுகின்றன. அவற்றின் காலடியில் ஒரு சரிவான இறங்குதுறை. அங்கே வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்ட வெண்ணிறப் படகுகளை முதலில் கண்டபோது, குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டிகளோ என்று நம்முடன் வந்த இளைஞர் நகைத்தார். முகப்பு கூராக இல்லாமல் சப்பையாக வெட்டினாற்போல் இருப்பதே அதற்குக் காரணம். நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ, பாய் ஒன்றே ஒன்று. ஆப்டிமிஸ்ட் என்பது அதன் பெயர்.

இப்படகு பிறந்த கதை சுவையானது. அமெரிக்க நாட்டில், புளோரிடா மாநிலத்துக் கிளியர்வாட்டர் என்னும் கடற்கரையூரில், 1947-இல், ஏழைப் பிள்ளைகளும் ஏறி ஓட்டத்தக்க ஒரு படகு வேண்டும் என்று கிளிஃபர்ட் மெக்கே என்பவர் விரும்பினார். சக்கரம் பூட்டிய மரப்பெட்டிகளில் சிறுவர்கள் சரிவிலே உருண்டோடும் பந்தயம் அந்நாட்டில் பெயர்பெற்றது. அதைக் கடலிலே நடத்தினால் என்ன என்பது அவர் எண்ணம். கிளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சர் எட்டடி நீளமுள்ள ஒட்டுப்பலகைத் தாள்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் அடங்குமாறு படகை வரைந்தார். முகப்பைக் கூராக்கப் பலகை போதவில்லை, எனவே சப்பையாயிற்று! சிக்கனத்தால் வந்த அவ்வடிவம் இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் அப்படியே வழங்குகிறது. ஊரிலிருந்த ஆப்டிமிஸ்ட் சங்கத்தார் ஆதரித்ததால் படகுக்கும் அப்பெயரே நிலைத்தது. நன்மையையே எதிர்நோக்குபவர் என்பது அச்சொல்லின் பொருள்.

15 வயது வரை மட்டுமே இதில் போட்டியிடலாம். ஒரு படகில் ஒரே பிள்ளை. இதுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. எட்டு வயதுக் குழந்தையைத் தெருவைக் கடக்கத் தனியே விட நாம் அஞ்சுகிறோம். இங்கே தாயும் தந்தையும் கரையில் நிற்க, குழந்தை சுக்கானை ஒரு கையிலும் பாய்க்கயிற்றை மறுகையிலும் பற்றி, தானே முடிவெடுத்துத் தானே போகிறது. கூவி அழைத்தாலும் காற்று குரலைக் கொண்டுபோய்விடும்.

ஆயினும் கண்மூடித்தனமாக விடுவதில்லை. நீந்தத் தெரிதல் வேண்டும். மிதவைச் சட்டை இல்லாமல் ஒருவரும் நீரில் இறங்கக்கூடாது. முதற்பாடம் படகைக் கவிழ்ப்பது! ஆம், ஓட்டுவதற்கு முன்னால் கவிழ்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். படகின் நடுவே நீருக்குள் இறக்கியிருக்கும் பலகையின்மேல் ஏறி மிதித்து, உடற்பாரத்தால் நிமிர்த்தி, உள்ளே புரண்டேறி, கயிற்றில் கட்டிய குவளையால் நீரை இறைக்க வேண்டும். பக்கங்களில் காற்றுப் பைகள் இருப்பதால் படகு மூழ்குவதில்லை. கவிழ்வது பேரிடர் அன்று, ஒரு வேலை என்று பழகிவிட்ட பிள்ளைக்குப் பாதி அச்சம் போய்விடுகிறது. அன்று ஒரு சிறுமி நான்கு முறை கவிழ்ந்தாள். நான்காம் முறை நிமிர்ந்தபோது கரையை நோக்கிக் கையசைத்தாள். அவள் தாயார் அதைப் பார்க்கவில்லை, கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்.

எதிர்க்காற்றில் நேராகச் செல்ல எந்தப் பாய்ப்படகாலும் இயலாது. காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து, இடமும் வலமுமாக மாறி மாறி வளைந்தேதான் மேலேற வேண்டும். எப்போது திரும்புவது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும். நீரின் மேற்பரப்பு கறுத்துச் சிலிர்த்தால் அங்கே காற்று இறங்கியிருக்கிறது என்று பொருள். தேர்ந்த பிள்ளை தன் பாயைப் பார்ப்பதில்லை; தொலைவிலுள்ள நீரைப் பார்க்கிறது.

பந்தயம் தொடங்கும் முறையும் விந்தையானது. ஓட்டப்பந்தயத்தில் போல் கோட்டில் நின்றுகொண்டிருக்க முடியாது; நீரில் எதுவும் நிற்பதில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு கொடி ஏறுகிறது. நான்கு நிமிடத்தில் மற்றொன்று. ஒரு நிமிடம் எஞ்சுகையில் அது இறங்குகிறது. இடைப்பட்ட நேரமெல்லாம் கோட்டுக்குப் பின்னே படகுகள் கூட்டமாகச் சுழன்று கொண்டிருக்கும். கடைசிக் கொடி விழும் நொடியில் கோட்டைத் தொடுமாறு வந்து சேரவேண்டும். ஒரு நொடி முந்தினாலும் திரும்பி வந்து மீண்டும் புறப்பட வேண்டியதுதான். முதல்வனுக்கு ஒரு புள்ளி, இரண்டாமவனுக்கு இரண்டு என்று கணக்கு ஏறும். குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். போதிய பந்தயங்கள் நடந்தால் மிக மோசமான ஒன்றைக் கணக்கில் விட்டுவிடும் வழக்கமும் உண்டு. பள்ளித் தேர்விலும் இப்படி ஒரு சலுகை இருந்தால் நம் வீடுகளில் மார்ச் மாதம் எவ்வளவு அமைதியாக இருக்கும்!

நம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஊதுகுழலோடு உடன் ஓடும் நடுவர் இங்கே பொதுவாக இல்லை. வலப்பக்கம் காற்று வாங்கி வரும் படகுக்கு, இடப்பக்கம் காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும் என்பது விதி. வழிவிடாமல் குறுக்கிட்டவர், தாம் தவறினோம் என்று தாமே உணர்ந்து, அங்கேயே படகை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடரவேண்டும். மிதவைக் குறியைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. பார்த்தவர் ஒருவரும் இல்லை என்றாலும் சுற்றத்தான் வேண்டும். மறுப்பவர்மீது மற்றவர் அங்கேயே உரக்கக் கூவி முறையீட்டை அறிவிப்பார். கரையேறியபின் எழுத்தில் தருவார். பெரியவர்கள் அமர்ந்து இருபுறமும் கேட்பார்கள். ஆனால் நாம் பார்த்த பிற்பகலில், தொலைவிலுள்ள மிதவையருகே, கரைக்குத் தெரியாத இடத்தில், பத்து வயதுப் பையன் ஒருவன் தனியே ஒரு சுற்றுச் சுற்றினான். மூன்று படகுகள் அவனைக் கடந்து போயின. தொலைநோக்கியில் அதைக் கண்ட பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் அதனை நம்மிடம் நீட்டினார். மறைக்கல்வி வகுப்பில் மனச்சான்று பற்றி ஒரு மணி நேரம் நாம் விளக்குவதை இவன் அரை நிமிடத்தில் செய்து காட்டிவிட்டான் என்று தோன்றியது.

இவ்விளையாட்டின் விதிநூலில் முதல் விதி வேகத்தைப் பற்றியதன்று. இடரிலுள்ள எவருக்கும், எந்தப் படகுக்கும், இயன்ற உதவி அனைத்தும் செய்தல் வேண்டும் என்பதே முதல் விதி. ஏட்டில் மட்டும் இருக்கும் விதியன்று இது. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கின் படகுப் பந்தயங்கள் கொரியாவின் பூசான் நகரத்துக் கடலில் நடந்தன. செப்டம்பர் 24 அன்று காற்று சீறிப் பொங்கியது. கனடா நாட்டு இலாரன்ஸ் லெமியூ, தனியொருவர் செலுத்தும் ஃபின் வகைப் படகில், அப்பந்தயத்தில் இரண்டாம் இடத்தில் விரைந்துகொண்டிருந்தார். அருகில் வேறொரு பந்தயத்திலிருந்த சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து கிடப்பதைக் கண்டார். ஒருவர் படகைப் பற்றிக்கொண்டிருந்தார். மற்றவர் அலையில் அடித்துச் செல்லப்பட்டுக் கொண்டிருந்தார். லெமியூ தம் வழியை விட்டுத் திரும்பினார். இருவரையும் மீட்டார், காவற்படகு வரும்வரை காத்திருந்து ஒப்படைத்தார், பிறகே தம் பந்தயத்தைத் தொடர்ந்தார். அதற்குள் பலர் முந்திவிட்டனர். நடுவர் குழு அப்பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே வழங்கியது. இறுதிக் கணக்கில் அவர் 11-ஆவது. பதக்கம் இல்லை, ஆனால் ஒலிம்பிக் குழு அவருக்குப் பியர் தெ கூபர்த்தென் பெயரிலான சிறப்பு விருதை அளித்தது. இக்கதையை அங்குள்ள பிள்ளைகள் எல்லாரும் அறிந்திருக்கிறார்கள்.

கரையிலோ எவரும் வெறுமனே வேடிக்கை பார்ப்பதில்லை. 35 கிலோப் படகை ஒரு குழந்தையால் தூக்க முடியாதாகையால், போட்டியாளனே போட்டியாளனின் படகுக்குக் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. ஒருவருடைய தந்தை மீட்புப் படகு ஓட்டுகிறார். இன்னொருவருடைய அன்னை கொடியும் கடிகாரமுமாக நிற்கிறார். அலுவலகத்தில் உயர்பதவியிலிருப்பவர் ஒருவர் முழங்கால்வரை நீரில் நின்று வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாலையில் உப்புப் போகப் படகுகளை நன்னீரால் கழுவி, பாயை உலர்த்தி மடிப்பது பிள்ளைகளின் கடன். வென்றவனுக்கும் விலக்கில்லை.

இத்தகைய துறைகளில் கைப்பழகியவர்கள் உலகறிய நின்றதும் உண்டு. சென்னை நேத்ரா குமணன் 12 வயதில் கோடைப் பயிற்சி முகாம் ஒன்றில் தொடங்கியவர். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்று, அவ்வாறு தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். 2024-இல் பாரிசுக்கும் சென்றார். சென்னையின் கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் இருவர் செலுத்தும் படகில் வெண்கலம் பெற்றுப் பின்னர் தோக்கியோவிலும் போட்டியிட்டனர். மகிழ்ச்சியே. ஆனால் இவ்விடத்தில் மனத்தில் ஒரு முள் தைக்கிறது.

துறைமுகத்தின் கற்சுவர் நீரை அடக்கியதோடு நிற்கவில்லை. நம் கரையோரமாக ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலையும் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தென்புறம் குவிந்து, நாம் மாலையில் காற்று வாங்கும் மெரினாவை அகலமாக்கியது. வடபுறத்துக்கு மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்றது. இராயபுரம் தொடங்கி வடக்கே மீனவர் வாழ்ந்த மணற்பரப்பும் குடிசைகளும் படிப்படியாகக் கடலுக்குள் போயின. இன்று அங்கே இருப்பது பாறைகளைக் கொட்டிய தடுப்பு. மரத்தைக் கரையேற்ற இடமில்லை. ஒரே சுவரின் உட்புறம் குழந்தைகள் அச்சமின்றிப் படகோட்ட அமைதியான நீர். வெளிப்புறம் கரையிழந்த குழந்தைகள். இதற்கு அத்துறையில் படகோட்டும் பிள்ளைகளோ அவர்தம் பெற்றோரோ பொறுப்பல்லர். ஆயினும் சுவரின் இருபுறத்தையும் பார்த்துவிட்டு ஒருபுறத்தை மட்டும் எழுதுவது முறையாகாது.

திரும்பும் வழியில், இராயப்பர் ஆலயத்துக்கு அப்பால், பாறைத் தடுப்பருகே வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். கட்டுமரத்தில் பாய் விரித்துச் சென்ற தலைமுறையைச் சேர்ந்தவர். கச்சான், கொண்டல், வாடை, ஈரான் என்று காற்றுக்கும், வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் பெயர்களை அடுக்கினார். கச்சான் வலுத்து அடிக்கும் நாளில் கடற்காற்று பிந்தித்தான் கரையேறும் என்று அவர் சொன்னதும், அத்துறையில் பயிற்சியாளர் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்கியதும் ஒன்றேதான்.

“பெரியவரே, இப்போது இங்கே பாய் கட்டுவோர் உண்டா?” என்று கேட்டோம்.

“ஏது சார் பாயி? எல்லாம் ஃபைபர் போட்டு, இஞ்சினு. என் பேரனுக்கு டீசல் வெலை தெரியும். காத்து பேரு தெரியாது.”

ஆப்டிமிஸ்ட் படகின் படத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். நடுவிலுள்ள பலகையை விரலால் தொட்டு, தம் மரத்திலும் இப்படி ஒரு பலகையை இறக்கித்தான் எதிர்க்காற்றில் ஏறியதாகச் சொன்னார்.

இவ்விளையாட்டுக்குச் செலவு மிகுதி என்பது உண்மை. படகு, பாய், பயிற்சி, போட்டிக்கான பயணம் எல்லாம் நடுத்தரக் குடும்பத்துக்கே கனமானவை. ஆனால் செல்வர்க்கே உரியது என்று விதியொன்றும் இல்லை. ஐதராபாத்தின் உசேன் சாகர் ஏரியில் 2009-இல் தொடங்கப்பெற்ற யாட் கிளப், அரசுப் பள்ளிகளில் பயிலும் ஏழைப் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்து, தேசியப் போட்டிகள் வரை கொண்டுசென்றிருக்கிறது. 2023-இல் சீனாவின் காங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், சிறுமியருக்கான படகுப் போட்டியில், 11 பந்தயங்களின் முடிவில் வெள்ளி பெற்ற நேகா தாக்கூர், மத்தியப் பிரதேசத்து உழவர் ஒருவரின் மகள். கடலே இல்லாத மாநிலம். போபால் ஏரிக்கரையில் உள்ள பயிற்சிப் பள்ளியில் கற்றவர். வயலில் பிறந்த பெண் பாய் பிடிக்கக் கற்றுக்கொண்டாள் என்றால், கடலில் பிறந்து, காற்றுக்குப் பெயரிட்ட குலத்தின் பிள்ளைகள் பாறைமேல் நின்று பார்த்துக்கொண்டிருப்பதை எப்படி விளங்கிக்கொள்வது? கரையோரப் பங்குகள் நமக்கு எத்தனையோ உள்ளன. இளைஞர் இயக்கங்கள் ஆண்டுதோறும் மட்டைப்பந்துப் போட்டி நடத்துகின்றன. பரிசுக் கோப்பைக்குப் பணம் சேர்கிறது. அத்தொகையில் ஒரு பங்கு, கோடை முகாமுக்கு இரண்டு பிள்ளைகளை அனுப்பவாவது உதவாதா என்று பங்குப் பேரவையினர் எண்ணிப் பார்க்கலாம்.

முதியவரிடமும் அதையே சொன்னோம். நீந்தத் தெரிந்தால் போதும், மற்றவற்றை அங்கே கற்பிப்பார்கள் என்றோம். அவர் வலையிலிருந்து கண்ணெடுக்காமல் சிரித்தார்.

“நீஞ்சுறதுக்கு எங்க புள்ளைங்களுக்கு யாரும் கத்துக்குடுக்க வேணாம் சார். சேத்துக்குவாங்களா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டுவருவதாகச் சொல்லி, பேரனின் பெயரையும் வயதையும் குறித்துக்கொண்டு வந்திருக்கிறோம். வயது பதினொன்று; இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன.